கடலோரத்தில் புது வீடா, வாடகை அறையா, பழைய ஊர்வீடா?

மதுரையிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் கடல் பார்த்த சிறிய வீடு ஒன்று விடுமுறைக்கு வேண்டும் என்ற ஆசை உண்டு. புதிதாகக் கட்டலாம், வரும்போது வாடகைக்குத் தங்கலாம், கடலிலிருந்து சற்று உள்ளே பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைச் சீர்செய்யலாம். அங்கேயே குடியிருக்க ஒருவர் இல்லாத குடும்பத்துக்கு முதல் வழி ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து.

பணக் கணக்கு எளியது. மனையும் கட்டுமானமுமாக 50 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அத்தொகை 6 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 3 லட்சம் தரும். ஆண்டில் 20 இரவுகள், இரவுக்கு 5,000 ரூபாய் என்று நல்ல அறையிலேயே தங்கினாலும் செலவு 1 லட்சம்தான். மனை வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் தனியாகக் கட்டவேண்டும்.

பணத்தைவிடக் கவலை தருவது உப்பு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எனத் தெற்கே நீளும் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) கரையைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும், தேவிபட்டினம், தொண்டி எனப் போகும் பெண்கடல் (பாக் விரிகுடா) கரையை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றும் மாறிமாறி அறைவதால், உப்பேறிய ஈரம் சுவரை விட்டு நீங்குவதே இல்லை. கான்கிரீட்டுக்குள் புகும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்து, கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கடலோரக் கட்டடத்துக்கு எம்30 என்னும் வலுத்தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வேண்டும் என்று ஐஎஸ் 456 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிலை கூறுகிறது. ஆனால் உள்ளூர் வீட்டுவேலையில் அதைவிட வலுக்குறைந்த எம்20 கலவையோடு நின்றுவிடுவதும், உவர்நீரிலேயே கலவை குழைப்பதும் எளிதில் நேர்ந்துவிடுகின்றன. கட்டுபவர் ஊரில் இல்லாவிட்டால் இதை யார் பார்ப்பார்? மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மாதங்களில் சன்னலைத் திறந்து, ஒழுக்கைக் கண்டு, மோட்டாரை ஓட்டிவைக்க ஆளில்லாத வீடு, கோடை விடுமுறைக்குள் பழுதுபார்ப்புச் செலவோடு காத்திருக்கும்.

சட்டமும் இடம் கொடுப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. கடலையே நம்பி வாழும் உள்ளூர் மக்களின் குடியிருப்புக்குத்தான் சில விலக்குகள் உண்டு, அதுவே நியாயமும்கூட. ஆகவே தரகர் காட்டும் ‘கடல் பார்த்த மனை’ பலவற்றில் வீடே கட்டமுடியாமல் போகலாம்.

வாடகைக்குத் தங்குவதில் குறை ஒன்றுதான்: ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரத்தில் அறை கிடைப்பது அரிது. மற்றபடி, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இரயில் மீண்டும் தீவுக்குள் போவதால், வார இறுதிப் பயணம்கூடச் சிரமமில்லை.

இருப்பினும் ஊரில் பழைய வீடு இருப்பவர்கள் அதையே முதலில் எண்ணவேண்டும். சுண்ணாம்புச் சுவரும் பனங்கைகளும் நாட்டு ஓடும் கொண்ட வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோ மதினியோ நாள்தோறும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். தடையாக நிற்பது பெரும்பாலும் பங்காளிகள் பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாதான். குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் தீர்வை 1 விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. எனவே உடன்பிறந்தார் அனைவரும், பெண்மக்கள் உட்பட, ஒருமுறை கூடி அமர்ந்து பேசி, பத்திரம் முடித்த பிறகே கொத்தனாரை அழைக்கவேண்டும்.