லஞ்சப் புள்ளியைப் பிடிக்க மோசடிக்காரரா, நேர்மையான வக்கீலா?

முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று 1978-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பிடித்த ஆள் மெல்வின் வைன்பெர்க். மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போகாமல் தப்ப உளவாளியானவர். கற்பனை அரபு ஷேக், போலி நிறுவனம், ரகசிய கேமரா. ஷேக் பெயரில் அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் நீட்டிப் பிடிப்பது. அதுதான் 'ஆப்ஸ்கேம்'. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையைச் சேர்ந்த ஒரு செனட்டரும், கீழவையான பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 6 பேரும் தண்டனை பெற்றார்கள். அந்த 6 பேரில் ஒருவரான ரிச்சர்ட் கெல்லி 25,000 டாலரைத் தன் உடுப்புப் பைகளில் திணித்துக்கொண்டு, வெளியே தெரிகிறதா என்று கேட்டது வீடியோவிலேயே இருக்கிறது.

1980-இல் சிகாகோவில் எஃப்.பி.ஐ. தொடங்கிய 'கிரேலார்ட்' என்ற வேட்டை வேறு வழி. நீதிமன்றத்தில் நடந்த லஞ்சத்தைப் பார்த்து மனம் வெறுத்த இளம் அரசு வக்கீல் டெரன்ஸ் ஹேக், தானே லஞ்சப் பேர்வழியாக வேடம் போட்டார். உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியோடு மூன்று வருடத்துக்கு மேல். கூட வேலை பார்த்தவர்கள் கண்ணில் அவரும் கெட்டுப்போனவர்தான். அந்த அவப்பெயரைச் சுமக்க என்ன மனசு வேண்டும்! கடைசியில் 15 நீதிபதிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

வேகத்தில் வைன்பெர்க்தான் முன்னே. செனட்டர்கள் வரை எட்டவும் அப்படி ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம். ஹேக்குக்குத் தெரிந்தது தன் கோர்ட்டு மட்டுமே. ஆனால் 1979 ஜூனில், ஷேக்கைச் சந்திக்கும் முன் செனட்டர் ஹாரிசன் வில்லியம்ஸிடம் உங்கள் செல்வாக்கைப் பெரிதாகச் சொல்லுங்கள் என்று வைன்பெர்க் பாடம் எடுத்தார். அதுவும் பதிவானது. குற்றத்தைக் கண்டுபிடிக்கப் போனவர், அதற்கு வசனம் எழுதிக்கொடுக்கிறார். வில்லியம்ஸ் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. லேரி பிரெஸ்லர் என்ற செனட்டர் அதே வலையில் பணத்தை மறுத்துவிட்டுப் போனாரே! ஆனாலும் யாரை அறைக்குள் அழைப்பது என்பதில் சம்பளம் வாங்கும் ஒரு மோசடிக்காரருக்கும் இடைத்தரகர்களுக்கும் பங்கு இருந்தால் எனக்குப் பயம்தான். கெல்லியின் தண்டனையையே ஒரு நீதிபதி ரத்து செய்தார். மேல்முறையீட்டில்தான் அது திரும்ப நிலைத்தது.

கிரேலார்டிலும் உறுத்தல் உண்டு. லஞ்சம் வாங்குகிறவர்களைப் பிடிக்க நிஜ நீதிமன்றத்தில் பொய் வழக்குகளை நடத்தினார்கள். சரி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். வக்கீல் வைக்கும் பொறியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நியூஜெர்சியில் திரும்பவும் முதல் வழிக்கே போனார்கள். வங்கியை ஏமாற்றிச் சிக்கிய சாலமன் டுவெக்கை வைத்து நடந்த வேட்டையில், 2009 ஜூலையில் 44 பேர் கைது. அதில் ரிட்ஜ்ஃபீல்ட் மேயர் அந்தோணி சுவாரஸை அடுத்த வருடமே ஜூரி விடுதலை செய்தது.