எஸ்டிகேயா, நேரடி ரிக்வெஸ்ட்டா: எதை எங்கே எடுப்பது?

ஒரு தளத்தின் ஏபிஐயோடு (நம் புரோகிராம் அந்தத் தளத்திடம் தகவல் கேட்கவும் வேலை சொல்லவும் உள்ள வாசல்) பேச மூன்று வழிகள் உண்டு. தளமே எழுதித் தரும் எஸ்டிகே என்ற கோடு தொகுப்பைப் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் அனுப்பும் எச்டிடிபி ரிக்வெஸ்ட்டை (கோரிக்கையை) நாமே எழுதலாம். ஏபிஐயை இயந்திரம் படிக்கும் வடிவில் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக் கோப்பு இருந்தால் அதிலிருந்து ஒரு கிளையன்ட்டை (ஏபிஐயை அழைக்கும் கோடை) உருவாக்கிக்கொள்ளலாம். எஸ்டிகேக்காகப் பேசுகிறவர்கள் பத்து வரி கோடு இரண்டு வரியாகச் சுருங்கும் என்பார்கள். எனக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை எந்த வழியும் ஒன்றுதான். ஏதாவது தவறும்போதுதான் எது கைகொடுக்கிறது என்று தெரியும்.

கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு ரெப்போவின் (கோடு தொகுப்பின்) இஷ்யூக்களை, அதாவது அங்கே பதிந்த பிரச்சினைகளை, கேட்டு ஒரு கெட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறீர்கள். எல்லாம் சரி என்று சொல்லும் 200 வருகிறது, தகவல் ஜேசன் வடிவில் வருகிறது. எண்ணினால் 30. ரெப்போவில் 400 இருந்தாலும் 30தான். பக்கத்துக்கு 30 என்பது அங்கே இயல்பு அளவு. நாம் சொன்னால் 100 வரை தரும். மிச்சத்துக்கான வழி ஜேசனில் இருக்காது, பதிலோடு வரும் 'லிங்க்' என்ற ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) இருக்கும். எரர் எதுவும் இல்லையே, யார் அங்கே போய்ப் பார்ப்பார்கள்? சோதனைக்கு வைத்த ரெப்போவில் பன்னிரண்டு இஷ்யூக்கள்தான் இருந்தன என்றால் டெஸ்ட்டும் தேறிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் தப்பான கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கிட்ஹப்பின் எஸ்டிகேயான ஆக்டோகிட்டில் இதற்கென்றே 'பேஜினேட்' இருக்கிறது. லிங்க் ஹெடரைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை அதுவே போய்வரும். ஆனால் அதை நாம்தான் கூப்பிட வேண்டும். சாதாரண அழைப்பை எழுதினால் ஆக்டோகிட்டும் அதே 30ஐத்தான் தரும். எஸ்டிகே போட்டுவிட்டோம் என்பதற்காக ஏபிஐயின் ஆவணத்தைப் படிக்காமல் இருக்க முடியாது.

ரிக்வெஸ்ட்டை அனுப்பியது நாம்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, எஸ்டிகேதான். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தன் ரிக்வெஸ்ட்டுகளுக்கு 'சிக்னேச்சர் வெர்ஷன் 4' கேட்கிறது. ஹெடர் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி, அகரவரிசையில் அடுக்கி, ரிக்வெஸ்ட் முழுவதையும் குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்து, எஸ்எச்ஏ-256 ஹாஷ் (சுருக்கக் குறியீடு) எடுக்க வேண்டும். கையெழுத்துக்கான சாவியை ரகசியச் சாவியிலிருந்து வரிசையாக நான்கு எச்மேக் (சாவி சேர்த்துப் போடும் ஹாஷ்) கணக்குகள் போட்டு வரவழைக்க வேண்டும்: தேதி, ரீஜன், சர்வீஸ், கடைசியில் ஒரு நிலையான சொல். யூஆர்எல்லில் ஓர் எழுத்து மாறாக என்கோட் ஆனாலும் பெரும்பாலும் 403தான், அதாவது அனுமதி மறுப்பு. நம் சர்வரின் கடிகாரம் பிசகியிருந்தாலும் அதே கதிதான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு முறை எழுதிப் பார்க்கலாம். வேலைக்கு என்றால் பைத்தானுக்கான போட்டோ3 போன்ற எஸ்டிகேயை எடுங்கள்.

பணம் நகரும் இடத்திலும் நான் எஸ்டிகே பக்கம்தான், ஒரு எச்சரிக்கையோடு. பணம் வசூலித்துத் தரும் சேவையான ஸ்ட்ரைப்பிடம் வாடிக்கையாளரிடமிருந்து பணம் எடுக்கச் சொல்லி அனுப்புகிறோம், பதில் வருவதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட். பணம் போனதா இல்லையா? தெரியாது. திரும்ப அனுப்பினால் இரண்டு முறை எடுத்துவிடுமோ என்ற பயம். இதற்குத்தான் 'ஐடெம்பொட்டன்சி கீ' என்ற ஹெடர், அதில் அந்த ஒரு வேலைக்கென்றே ஒரு சாவி போகும். அதே சாவியோடு மறுபடி வந்தால் புதிதாக எடுக்காமல் பழைய பதிலையே தரும். எஸ்டிகே தானாக மறுமுயற்சி செய்யும்போது இந்தச் சாவியையும் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் நம் புரோகிராமே நடுவில் நின்றுபோய், மீண்டும் எழுந்து அதே ஆர்டரை அனுப்பினால்? எஸ்டிகேக்கு அது புது ரிக்வெஸ்ட், சாவியும் புதிது. ஆகவே சாவியை ஆர்டர் எண்ணிலிருந்து நாமே உண்டாக்கிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

சரி, நேரடி ரிக்வெஸ்ட் எங்கே நல்லது? ஒரே ஒரு எண்ட்பாயிண்ட் (ஏபிஐ முகவரி), ஹெடரில் நம்மை அடையாளம் காட்டும் ஒரு டோக்கன் என்று வேலை சின்னதாக இருந்தால் அதுவே போதும். நம் மொழிக்கு அதிகாரபூர்வ எஸ்டிகே இல்லாமலும் போகலாம். கிட்ஹப்புக்கே பைத்தானில் அப்படி ஒன்று கிடையாது, இருப்பவை மற்றவர்கள் எழுதியவை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எஸ்டிகேயின் ஆயுள் வேறு, ஏபிஐயின் ஆயுள் வேறு. ஏடபிள்யூஎஸ்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் எஸ்டிகே இரண்டாம் பதிப்புக்கு 2025 செப்டம்பர் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதன் பின்னாலிருந்த சர்வீஸ்கள் அப்படியே ஓடுகின்றன. மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுதும் வேலை மட்டும் நம் தலையில். நேரடியாக எழுதுகிறவருக்கு வேறு கடமைகள் உண்டு. பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரியில் நாம் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம் என்று சொல்லும் 429 வந்தால் 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடரைப் பார்த்துப் பொறுத்திருக்கும் வேலையும் நம்முடையதே.

ஓப்பன்ஏபிஐயிலிருந்து உருவாக்கும் கிளையன்ட், ஒரே நிறுவனத்துக்குள் பல மொழிகளில் எழுதும் குழுக்களுக்கு நன்றாகப் பொருந்தும். விவரக் கோப்பு எவ்வளவு சரியோ கிளையன்ட்டும் அவ்வளவுதான் சரி. தரவின் டைப்புகள் (வகைகள்) கச்சிதமாக வரும், மறுமுயற்சியைப் பெரும்பாலும் நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் நாளன்று அதே ரிக்வெஸ்ட்டை கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி வைத்து ஹெடர்களோடு ஒரு முறை பாருங்கள். கிட்ஹப்பில் பொதுவாக டோக்கன் இல்லாமல் கேட்டால் மணிக்கு 60 ரிக்வெஸ்ட், ஒரு பயனரின் டோக்கனோடு கேட்டால் 5000 என்பது வரம்பு. அதில் இன்னும் எத்தனை மிச்சம் என்று ஒவ்வொரு பதிலும் ஹெடரில் சொல்லிக்கொண்டே வரும். அடுத்த பக்கத்துக்கான அந்த லிங்க்கும் அதே திரையில்தான் இருக்கும்.