பாட்டு வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: கட்டும் டிரான்சிஷனும் எப்படி?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் மூன்று பாப் பாட்டுகளுக்கு வீடியோ எடிட் செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கலர் வேலைக்கு இது பேர்போன மென்பொருள், அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பாட்டின் தாளத்துக்கு ஷாட்டை வெட்டவும், ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் இது எவ்வளவு தோதாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. வெட்டுவதற்கு அருமை. டிரான்சிஷன் பட்டியலில் எனக்கு உண்மையில் தேவைப்பட்டது இரண்டே இரண்டுதான்.

முதலில் கட். பாட்டை டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) போட்டு ஓடவிட்டபடியே, தொடையில் தாளம் போடுவது போல ஒவ்வொரு பீட்டுக்கும் எம் பட்டனைத் தட்டினால் வரிசையாக மார்க்கர், அதாவது அடையாளக் குறி, விழுந்துவிடும், ஷாட்டை இழுத்து வரும்போது அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஏதாவது ஒரு கிளிப் செலக்ட் ஆகியிருந்தால் மார்க்கர் டைம்லைனில் விழாமல் அந்தக் கிளிப்பின் மேல் விழும், அப்புறம் கிளிப்பை நகர்த்தினால் மார்க்கரும் கூடவே போய்விடும். தட்டுவதற்கு முன் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்துவிடுங்கள்.

மார்க்கர் எதற்கு, பீட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று கணக்குப் போட்டு வெட்டினால் போதாதா என்றால், போதாது. நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டு என்றால் ஒரு பீட் அரை வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் சரியாக 12 ஃபிரேம். நல்லது. அதுவே 100 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 14.4 ஃபிரேம் வரும். 14, 14 என்று வெட்டிக்கொண்டே போனால் பத்தாவது பீட்டில் படம் 4 ஃபிரேம் முந்திவிடும், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு. பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் தாளம் தப்பியது போல ஒரு இடறல் இருக்கும். அதே பாட்டு 25 ஃபிரேம் டைம்லைனில் கச்சிதமாக 15 ஃபிரேமில் உட்காரும். ரிசால்வில் கிளிப்புகளைப் போட்ட பிறகு டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது, அதனால் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே யோசித்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பீட்டுக்கும் வெட்டினால் அரை நிமிடத்தில் கண் சலித்துவிடும். இரண்டாவது பாட்டில் சரணம் முழுக்க பாடகியின் முகத்தை நாலு பீட், எட்டு பீட் என்று விட்டேன், பல்லவியில்தான் வேகம் கூட்டினேன். பல்லவி தொடங்கும் இடத்தில் ஒரு நடன ஷாட், கை மேலிருந்து கீழே இறங்குகிறது. டிரம் அடியின் மேலேயே வெட்டிப் பார்த்தேன், ஏனோ மந்தமாக இருந்தது. வெட்டை 2 ஃபிரேம் முன்னால் தள்ளினேன். புது ஷாட் வந்து, கை இறங்கி முடிவதும் டிரம் விழுவதும் ஒன்றாக அமைந்தது, அந்த அடியே பலமாகக் கேட்டது போல இருந்தது! மாறியது வெறும் 2 ஃபிரேம்.

சரி, டிரான்சிஷனுக்கு வருவோம். டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது), வைப் (ஒரு ஷாட்டை அடுத்தது துடைத்துக்கொண்டு வருவது), ஐரிஸ் (ஒரு வடிவமாக விரிந்து திறப்பது) என்று பெரிய பட்டியலே இருக்கிறது. நான் பயன்படுத்தியது சாதாரண கிராஸ் டிசால்வும், நடுவில் ஒரு நிறத்துக்குப் போய் வரும் டிப் டு கலரும்தான். டிப் டு கலரில் வெள்ளையை வைத்து நீளத்தை 4 ஃபிரேமாகக் குறைத்தால் கேமரா ஃபிளாஷ் அடித்தது போல இருக்கும், பல்லவிக்குள் நுழைய அது பிரமாதமான வாசல். கட் இடத்தை செலக்ட் செய்து கண்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தினால் டிரான்சிஷன் விழும், ஆனால் இரண்டு கிளிப்பிலும் வெட்டுக்கு அப்பால் கொஞ்சம் மிச்சப் படம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப்பைக் குறைக்கட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் சம்மதித்துவிட்டால், பீட்டில் உட்கார்ந்த வெட்டு நகர்ந்துவிடலாம்.

வெளியிலிருந்து ஒரு டிரான்சிஷன் பேக்கும் வாங்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். விப், ஜூம், கிளிட்ச் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன, எல்லாம் ஒரே சாயல். ஒவ்வொன்றோடும் ஒரு 'வூஷ்' சத்தம் வேறு. பாட்டின் மேல் அந்தச் சத்தத்தை வைத்தால் பாட்டுதான் கெடும். ஆடுபவர் வலப்பக்கம் போக, பேக்கின் விப் இடப்பக்கம் இழுத்தது. அதைவிட ஷூட்டிங்கிலேயே ஒரு ஷாட்டின் கடைசியில் கேமராவைச் சரேலென வலப்பக்கம் திருப்பி, அடுத்த ஷாட்டையும் அதே திசைத் திருப்பலோடு தொடங்கி, மங்கலாக ஓடும் இடத்தில் வெறும் கட் வையுங்கள். எந்த பேக்கும் அதன் பக்கத்தில் வராது.

1985-ல் காட்லி அண்ட் க்ரீம் என்ற இங்கிலாந்து இசை இரட்டையர் தங்கள் 'க்ரை' பாட்டுக்குச் செய்த வீடியோவில் வெறும் டிசால்வையும் வைப்பையும் வைத்தே ஒரு முகத்தை இன்னொரு முகமாக மாற்றியிருப்பார்கள். கண்ணும் வாயும் ஒரே இடத்தில் வரும்படி எல்லா முகங்களையும் எடுத்ததுதான் அதன் சூட்சுமம். கணினி மார்ஃபிங்கை ஊரறியச் செய்த மைக்கேல் ஜாக்சன் வீடியோ வந்தது 1991-ல்தான். க்ரையில் செய்ததை இந்த இலவசப் பதிப்பின் சாஃப்ட் எட்ஜ் வைப்பிலேயே முயன்று பார்க்கலாம்.

ஸ்பீட் ராம்ப், அதாவது ஷாட்டின் வேகத்தை நடுவிலேயே கூட்டிக் குறைப்பது, செய்யவும் வசதி நன்றாக இருக்கிறது, இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணித்து நிரப்பும் ஆப்டிகல் ஃப்ளோ இலவசத்திலேயே உண்டு. இன்னும் நேர்த்தியான ஸ்பீட் வார்ப், காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில் மட்டும். ஆனால் 24 ஃபிரேமில் எடுத்ததை இழுத்து மெதுவாக்கினால் வேகமாக அசையும் விரல்களைச் சுற்றிப் படம் உருகுவது போலத் தெரியும். பாடகர் மிதப்பது போல வேண்டும், உதடும் பாட்டோடு ஒட்ட வேண்டும் என்றால், ஷூட்டிங்கில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 48 ஃபிரேமில் எடுத்து, 24-ல் போடுங்கள். லிப் சிங்க் அப்படியே உட்காரும்.

ஃபிலிம் கிரெய்ன் போன்ற சில எஃபெக்டுகளை இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் வரும். ரெண்டருக்கு (இறுதி வீடியோவாக்க) அனுப்பும் முன் ஒருமுறை முழுப் பாட்டையும் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.