ஆந்தைப் பெட்டி: மரம் அருமை, கத்தி கழிசடை

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்ரி, அதாவது மரத்தகடுகளை வெட்டிப் பொருத்திப் படம் செய்யும் கலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களுக்கென்று விற்கும் இந்த ஆந்தைப் பெட்டியைத் திறந்ததும் ஓரமாக எடுத்து வைக்க வேண்டிய பொருள் அதுதான். பிளாஸ்டிக் பிடி, அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியில் வருவது போன்ற தடித்த அலகு. தடித்த அலகு மர நாரை அறுப்பதைவிட ஒதுக்கித் தள்ளுவதுதான் அதிகம். வெட்டின் இரு ஓரமும் நசுங்கிவிடும். அப்புறம் இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். படம் முடிந்த பிறகு பார்ப்பவர் கண் ஆந்தையின் முகத்துக்குப் போகாது, அந்தக் கோட்டுக்குத்தான் போகும்.

இந்த வேலையில் ஊறியவர்களில் பலர் வைத்திருப்பது அறுவை சிகிச்சைக் கத்தி. 3-ஆம் எண் கைப்பிடி, அதில் 10ஏ அல்லது 11-ஆம் எண் அலகு. மெல்லிய அலகு, ஊசி மாதிரி முனை. முனை சீக்கிரம் மழுங்கும், பக்கவாட்டில் அழுத்தினால் ஒடிந்து தெறிக்கும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அலகை மாற்றக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இதை மட்டும் தனியாக வாங்கிவிட்டால் பெட்டியின் பாதிக் குறை தீர்ந்தது.

சரி, பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது? கிளையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆந்தையின் கோட்டுப் படம், ஒன்று எண்களோடு, ஒன்று வெறுமையாக. பதினான்கு வெனீர் தகடுகள், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தாள்கள். மரநாரை அழுத்திச் செய்த ஓர் எம்.டி.எஃப். பலகை. பின்பக்கம் ஒட்ட ஒரு பெரிய தகடு. ஈரம் பட்டால் ஒட்டும் காகித நாடா, ஒரு குப்பி வெள்ளைப் பசை, சிறு பொட்டலம் மணல், உப்புத்தாள், செய்முறைப் புத்தகம்.

மார்க்கெட்ரி எப்படி நடக்கும் என்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: பல நிற மரத்தகடுகளை வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருத்தி, ஒரே படமாக்கி, அதன்பின் மொத்தமாகப் பலகையில் ஒட்டுவது. கனமான மரத்தில் பள்ளம் தோண்டி அதற்குள் வேறொன்றைப் பதிப்பது வேறு வேலை. இங்கே தோண்டலே கிடையாது. தகடு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர்தான், ஆகவே எல்லாமே மேற்பரப்பில் நடக்கிற கதை.

தகடுகள்தான் இந்தப் பெட்டியின் பெருமை. இதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். மற்ற ஆரம்பநிலைப் பெட்டிகளில் ஒவ்வொரு மரத்திலும் தேவைக்குச் சரியாக அளந்த ஒரு கீற்று வரும். ஒரு துண்டு பிளந்தால் முடிந்தது. இதில் வால்நட்டும் சைகமோரும் தாராளமாக வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு மஞ்சளான முதிரை, கண்மணிக்குக் கருங்காலி, கண்ணில் மின்னும் புள்ளிக்கு வெள்ளை ஹாலி, கிளையின் முடிச்சுக்குச் சுழிசுழியான ஒரு பர் துண்டு (மரத்தில் புடைத்த கட்டியிலிருந்து எடுப்பது). இரவு வானத்துக்குச் சாம்பல் நிற ஹேர்வுட். சைகமோரை இரும்பு சல்பேட் கரைசலில் ஊறவைத்தால் மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து இந்தச் சாம்பல் நிறம் வரும். மேலே பூசிய சாயமில்லை, உள்ளேயும் ஊறியது. அதனால் தேய்த்தாலும் போகாது.

வால்நட் தகட்டைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். எனக்கு வந்ததில் மரத்தின் கரும் வயிரமும் வெளிறிய வெளிப்பகுதியும் சேரும் எல்லை தகட்டின் குறுக்கே சாய்வாக ஓடியது. சன்னல் முறையில் வேலை செய்தால் இதை அப்படியே இறக்கையாக்கலாம். முறை எளிதுதான். வானத்துக்கான தகட்டில் இறக்கை வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டைக்கு அடியில் வால்நட்டை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் மர ரேகை தோளிலிருந்து இறகு நுனிவரை இறங்கும், வெளிறிய பகுதி சரியாக இறக்கையின் விளிம்பில் வந்து நிற்கும். அங்கே பின்னால் நாடா ஒட்டி நிறுத்தி, ஓட்டையின் ஓரத்தைக் கத்தியால் தொட்டுக் கோடு போட்டு, எடுத்து வெட்டிப் பொருத்த வேண்டியதுதான். வெட்டுவதற்கு முன்பே முடிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கலையின் பித்து பிடிப்பது இந்த இடத்தில்தான்.

அதனால்தான் எண் போட்ட படத்தின் மேல் எனக்குக் கோபம். ஒவ்வொரு துண்டிலும் எந்த மரம், ரேகை எந்தப் பக்கம் என்று அம்புக்குறியோடு அச்சடித்துவிட்டார்கள். அதை அப்படியே பின்பற்றினால் வெட்டும் பயிற்சி கிடைக்கும், பார்க்கும் பயிற்சி கிடைக்காது. எங்கள் மார்க்கெட்ரிக் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அழுக்குப் படிந்ததுபோல் நீலம் பாரித்த ஒரு சைகமோர் தகட்டை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் அதைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து, “இது குப்பை இல்ல தம்பி, மழை வரப்போற வானம்” என்றார். பூஞ்சை ஏறி நிறம் மாறிய தகட்டை மேசை செய்பவர் வேண்டாம் என்பார், மார்க்கெட்ரிக்காரர் கெஞ்சி வாங்கிக்கொள்வார். மார்க்கெட்ரிக்காரர்கள் சந்தித்தால் முதலில் கைமாறுவது துண்டுத் தகடுகள்தான், நலவிசாரிப்பு அப்புறம். பிரிட்டனில் இதற்கென்றே 1952-இல் தொடங்கிய மார்க்கெட்ரி சொசைட்டி இருக்கிறது. எங்கே இருந்தாலும் இந்தக் கூட்டத்துக்கு ஒரே குணம், எதையும் தூக்கிப் போடாது. ஆகவே எண் இல்லாத படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தீராத வழக்கும் உண்டு: கத்தியா, ரம்பமா? தகடுகளை அடுக்கி மெல்லிய ஃபிரெட் ரம்பத்தால் ஒரே வெட்டாக வெட்டுவோர் ஒரு கட்சி. பிரெஞ்சு மரச்சாமான் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பித்தளையையும் ஆமை ஓட்டையும் அடுக்கி வெட்டி, ஒரே அறுப்பில் நேர்ப் படமும் எதிர்ப் படமும் எடுத்தார் என்று அந்தக் கட்சி பெருமையோடு சொல்லும். ரம்பம் தின்னும் இடைவெளியை அடைக்க ரம்ப மேசையைச் சற்றுச் சாய்த்து வெட்டும் வழியும் அவர்களிடம் இருக்கிறது. இந்தப் பெட்டி முழுக்கக் கத்திக் கட்சி. முதல் படத்துக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். ஆந்தையின் கண் மட்டும் சோதிக்கும். வட்டத்தை ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் ரேகையோடு பிளந்துகொள்ளும். முனையால் சின்னச் சின்னக் குத்தாக, தகட்டைச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். வெட்டுவதற்கு முன் பின்பக்கம் காகித நாடா ஒட்டினால் தாங்கும். இதைப் புத்தகம் சொல்லவே இல்லை.

மணல் பொட்டலம் கொடுத்ததற்குப் பாராட்டு. அதைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் பக்கத்துக்குத் திட்டு. ‘மணலைச் சூடாக்கித் துண்டை அமிழ்த்தவும்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். நிழல் போடுவது இந்தப் படத்துக்கு உயிர், அதனால் மிச்சத்தை நான் சொல்கிறேன். இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்குங்கள். முதலில் வேண்டாத துண்டின் ஓரத்தைச் சில நொடி விட்டு எடுத்துப் பாருங்கள். கருகக் கூடாது, பழுக்க வேண்டும். ஆழத்தில் சூடு அதிகம், மேலே குறைவு. அதனால்தான் நிழல் ஓரத்தில் அடர்ந்து உள்ளே போகப் போகக் கரைகிறது. கடைசியில் உப்புத்தாள் மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துவிடும் என்பதால், கண்ணுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு படி அடர்த்தியாக வையுங்கள். சூட்டில் துண்டு சற்றுச் சுருங்கும். விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினால் திரும்ப வரும்.

பின்பக்கத் தகடு கொடுத்திருப்பது நல்ல மனசு. ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் பலகை அந்தப் பக்கமாக வளையும்; பின்னாலும் ஒட்டினால் இழுப்பு சமமாகும். மலிவான பெட்டிகளில் இது இருக்காது. ஒட்டும்போது இரண்டு தடித்த பலகைகளும் இறுக்கிப் பிடிக்க நாலைந்து கிளாம்ப்பும் உங்களிடம் இருக்க வேண்டும், அவை பெட்டியில் இல்லை. படத்துக்கும் அழுத்தும் பலகைக்கும் நடுவே பாலிதீன் தாள் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கசியும் பசை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

உப்புத்தாள் விஷயத்தில் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை. 80, 120, 240 என்று மூன்று தாள்கள் (எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்). 0.6 மில்லிமீட்டர் தகட்டில் 80-ஐ வைத்துத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் ஆந்தைக்கு அடியில் இருக்கும் எம்.டி.எஃப். எட்டிப் பார்க்கும். 80-ஐத் தொடவே வேண்டாம். கிளையின் காய்களுக்குச் சிவப்புப் படாக் மரம் கொடுத்திருக்கிறார்கள். அதன் தூள் பக்கத்து வெள்ளை மரத்தின் துளைகளில் இறங்கி இளஞ்சிவப்பாக்கிவிடும். தேய்ப்பதற்கு முன் மரத் துளைகளை அடைக்கும் மெல்லிய சேண்டிங் சீலர் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் தூள் இறங்காது. அதையும் நீங்கள்தான் வாங்க வேண்டும். அட்டைப் படத்தில் தெரியும் அந்தப் பளிச் சிவப்பு நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். வெளிச்சம் படப் படப் படாக் பழுப்பாகும். நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

ஏற்கெனவே ஒன்றிரண்டு படம் செய்தவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. தகடுகளைத் தனியாக வாங்குவதே மேல். முதன்முறை கை வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், கூடவே அறுவை சிகிச்சைக் கத்தி, சீலர், கிளாம்ப். ஆந்தை முடிந்த பிறகும் உள்ளங்கையளவு படம் ஒன்றுக்கான தகடு மிஞ்சும். அதைச் சுருட்டி வைத்தால் காய்ந்து அலையலையாகிவிடும். இரண்டு பலகைக்கு நடுவே தட்டையாக வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றி வையுங்கள்.