தெருவோரத் தபால் பெட்டி: எதை நம்பிப் போடலாம்?

சிவப்புத் தபால் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டை அல்ல, முகப்பிலுள்ள சின்ன நேரத் தகட்டை. அடுத்து எப்போது தபால் எடுப்பார்கள் என்பதை அது சொல்லும். பெட்டிக் கதவைத் திறந்தால்தான் அதை மாற்ற முடியும் என்பதால் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். தினம் இருமுறை எடுக்கும் பெட்டியில் பகல் 12 மணிக்கும் காலை நேரத் தகடே தெரிந்தால், காலையில் யாரும் திறக்கவில்லை, அல்லது திறந்தவர் தகட்டை மாற்றவில்லை. இரண்டில் எதுவானாலும் அவசரக் கடிதத்தை அதில் போடாதீர்கள். தகடே இல்லாமல், வாய் மேல் போஸ்டர் ஒட்டிக் கிடக்கும் பெட்டி பக்கம் போகவே வேண்டாம்.

பல பெட்டிகளுக்குள் பார்கோடு ஒட்டியிருக்கிறார்கள். தபால் எடுப்பவர் அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்ய வேண்டும். திறக்காமல் திறந்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. நல்ல ஏற்பாடு.

எங்கள் முதல் தேர்வு தலைமை அஞ்சலக வாசலில் இருக்கும் பெட்டி. அடுத்தது தெருவில் நிற்கும் உருளைப் பெட்டி. ஆனால் நடைபாதையை உயர்த்தி அடிப்பாகம் புதைந்திருந்தால் கதவு முழுதாகத் திறக்காது, மழைநீரும் உள்ளே தேங்கும். அடியில் கிடக்கும் கார்டு ஊறிப்போகும். கதவின் கீழ்விளிம்பில் துரு அரித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்பத்திலோ சுவரிலோ மாட்டிய சின்னப் பெட்டிக்கு போஸ்ட் கார்டும் இன்லேண்ட் லெட்டரும்தான் ஏற்றவை. பெரிய கவர் ஒன்று குறுக்கே மாட்டினால், பின்னால் வருவதெல்லாம் வாயிலேயே நிற்கும். யார் வேண்டுமானாலும் உருவலாம். கவரைக் குறுகிய பக்கமாக நுழைத்து, உள்ளே விழும்வரை தள்ளுங்கள்.

சாதாரணக் கவருக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்ப். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். மெல்லிய கவரில் மூன்று தாள் போகும், நான்காவது வைத்தால் 10 ரூபாய் ஆகிவிடும். குறைத்து ஒட்டினால் குறைந்த தொகைக்கு இரட்டிப்பாகக் கடிதம் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். முகவரியைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். சில ஜெல் மைகள் ஈரத்தில் கரையும். பின்கோடின் ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும்.

ரசீது வேண்டிய எதையும் பெட்டியில் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அதை கவுன்ட்டரில்தான் கொடுக்க வேண்டும். தவறிப் போட்ட கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி, பெட்டி திறப்பவரிடம் நடுத்தெருவில் கேட்டுப் பயனில்லை. அஞ்சலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.