செம்பு என்று நம்பி ஒட்டினேன், இரண்டு மாதச் சம்பளம் போனது

சம்பவம் நடந்து ஒன்பது நாள் ஆகிறது. என் புகாருக்கு இன்று காலை வந்த பதிலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கணினியில் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப்புகளில் ஒட்டுவதற்கென்று, சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளான ஹீட்சிங்க்குகளைத் தனியாக விற்கிறார்களே, அவற்றை வாங்கி ஒட்டியதன் பலனாக, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய கார்டு என் மேசையில் கருகிக் கிடக்கிறது. அந்த ஹீட்சிங்க்குகளின் விலை ஒரு நாள் சம்பளம்கூட இல்லை. எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி ஒட்டுவது என்பதையெல்லாம் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கார்டின் சொந்த விசிறி ஒன்று கரகரத்துக்கொண்டே இருந்தது. அதனால் மொத்தக் கூலரையும் கழற்றிவிட்டு வாட்டர் கூலர் பொருத்தினேன். அது நடுவில் இருக்கும் ஜிபியுவை, அதாவது கார்டின் முக்கிய சிப்பை, மட்டுமே தொடும். அதைச் சுற்றியுள்ள எட்டு ஜிடிடிஆர்6 மெமரி சிப்புகளும், முன்பு தெர்மல் பேட் என்னும் சூடு கடத்தும் மெல்லிய மெத்தை வழியாகப் பெரிய ஹீட்சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தவை, இப்போது வெறுமனே நின்றன. அவற்றின் சூட்டை இறக்க ஏதாவது வேண்டும். இது தெரிந்துதான் வாங்கினேன். விவரம் தெரியாமல் போய் விழவில்லை, அதுதான் கூடுதலாக எரிகிறது.

வாங்கியது, யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய ஒரு பெரிய இணையச் சந்தையில். ‘முழுச் செம்பு, 14க்கு 12 மில்லிமீட்டர், ஒட்டுப் பட்டையுடன்’ என்று போட்டிருந்தது. சிப்பின் அளவும் அதுவேதான். இருந்தாலும் இரவு பதினொரு மணிக்கு விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். உண்மையிலேயே செம்புதானா? என் பெட்டியில் கார்டு படுக்கையாக இருப்பதால் சிப்புகள் தரையைப் பார்த்து இருக்கும், தலைகீழாகத் தொங்கினாலும் பட்டை தாங்குமா?

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. “சார், சுத்தமான செம்பு. என் சொந்தக் கணினியிலேயே இதைத்தான் ஒட்டியிருக்கிறேன். கவலையே வேண்டாம்.” கூடவே ஒரு படம். வரிசையாக எட்டு ஹீட்சிங்க், பளபளவென்று. அந்த நேரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து நமக்காகப் படம் எடுத்து அனுப்புகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அந்தப் படம் வேறு மூன்று கடைகளின் பக்கங்களிலும் இருக்கிறது என்பதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சிப்புகளைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து ஒட்டினேன். மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. திரையில் ஜிபியு வெப்பநிலை 55 டிகிரி என்று காட்டியபோதெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த எண் மெமரியின் வெப்பநிலை அல்ல. என் கார்டு மெமரி வெப்பநிலையைக் காட்டவே காட்டாது. ஜிபியு தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்க, மெமரி போதிய காற்றோட்டம் இல்லாமல் வெந்திருக்கிறது.

அன்று இரவு ஒரு நீண்ட ரெண்டரிங், அதாவது கணினியே படங்களை வரைந்து உருவாக்கும் வேலை, ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வண்ணச் சதுரங்கள் சிதறின. பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம், அடுத்த நொடி எல்லாம் அணைந்தது, பிறகு தீய்ந்த நாற்றம். திறந்து பார்த்தால் எட்டு ஹீட்சிங்க்குகளில் மூன்று ஒட்டிய இடத்தில் இல்லை. ஒன்று கீழ் விசிறியில் சிக்கியிருந்தது. இன்னொன்று பெட்டியின் அடியில் கிடந்தது. மூன்றாவது, ஒட்டுப் பசை சூட்டில் பிசின் போல இளகியதால் வழுக்கிப் போய், மின்சாரப் பகுதியில் இருக்கும் கெபாசிட்டர்கள் என்னும் சின்ன மின் பாகங்களுக்கு நடுவே செருகி நின்றது. அந்த இடம்தான் கருகியிருக்கிறது. வெறும் உலோகம் அங்கே பாலம் போட்டு ஷார்ட் சர்க்யூட் ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழே கிடந்ததை ஊசியால் கீறினேன். செம்பு நிறம் உரிந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். கையில் வாங்கிய அன்றே தக்கை போல இருந்ததே, அப்போது என் புத்தி எங்கே போனது?

சரி, நியாயம் கேட்போம் என்று போனேன். நள்ளிரவில் இரண்டு நிமிடத்தில் பதில் சொன்ன அதே மனிதர் மூன்று நாள் கழித்து, “சரியாகத் துடைக்காமல் ஒட்டியிருப்பீர்கள்” என்றார். துடைக்கும்போது எடுத்த படத்தை அனுப்பினேன். “அதிகமாகத் துடைத்திருப்பீர்கள்” என்றார்! கீறிய படத்தை அனுப்பியதும், செம்பு என்றது நிறத்தைத்தான் என்று ஒரு விளக்கம். பிறகு பதிலே இல்லை. இணையச் சந்தையின் சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று என்று நான் எழுதினால், “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று அவர்கள் எழுதுவார்கள். புகார் எண்ணைத் திறந்து பார்த்தால் ‘தீர்க்கப்பட்டது’. யாருக்குத் தீர்ந்தது? கார்டைத் தயாரித்தவர்களிடம் உத்தரவாதம் கேட்கவும் எனக்கு முகமில்லை, கூலரைக் கழற்றியவன் நானே.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வந்தவுடன் ஒன்றைக் கீறிப் பாருங்கள், கையில் எடை பாருங்கள். கூட வரும் பட்டையை நம்பாதீர்கள். தலைகீழாகத் தொங்கும் இடத்தில் ஒட்டாதீர்கள், ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அதன்மேல் நேராகக் காற்றடிக்க ஒரு விசிறி வையுங்கள். ஜிபியு வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். முடிந்தால் பழைய கூலரின் விசிறியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

இணையச் சந்தையிலிருந்து இன்று காலை வந்த பதில் இது: ஹீட்சிங்க்கின் விலையை மட்டும் திருப்பித் தருவார்களாம், எட்டையும் வந்த உறையிலேயே போட்டு அனுப்ப வேண்டுமாம். மீதி ஐந்தில் நான்கு கொஞ்சம் திருகியதும் வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது, பலமாக இழுத்தால் சிப்போடு பெயர்ந்து வந்துவிடும் போலிருக்கிறது.