அப்பாவின் பைபாஸுக்குப் பிறகு ஆக்சிஜன் மெஷினோடு 14 மாதங்கள்

அப்பா பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினும், அதாவது 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் வந்து சேர்ந்தது. 30 வருடம் பீடி பிடித்த நுரையீரல் அவருக்கு. தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கியதால் இரவில் மட்டும் நிமிடத்துக்கு 1 லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை காட்டினால் போதும் என்றார்.

அந்தப் ‘போதும்’ எங்கள் மனதில் ஏறவில்லை. எனக்கு 98 காட்டும் கருவி அப்பாவுக்கு 89 காட்டினால் மனசு கேட்குமா? இரண்டாவது வாரம் ஓர் இரவு நானே குமிழைத் திருகி 3 லிட்டரில் வைத்தேன். 97 வந்தது. நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அப்பாவை எழுப்பவே முடியவில்லை. கண் விழித்தபோது தலைவலி, பேச்சும் குழறியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானால் இப்படி ஆகும் என்று அங்கே விளக்கினார்கள். மாத்திரையை நாமாகக் கூட்டிக் கொடுப்போமா? ஆக்சிஜனும் மருந்துதான். அன்றிலிருந்து அந்தக் குமிழில் யாரும் கை வைப்பதில்லை.

மெஷினைப் பற்றிக் குறை அதிகமில்லை. அறைக் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற நுண்துளைப் பொருள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே வருகிறது. சத்தம் தூக்கத்தைக் கெடுத்ததால் நீளக் குழாய் போட்டுக் கூடத்துக்கு மாற்றினோம். கரண்ட் போனால் நின்றுவிடும், ஆகவே ஒரு சின்ன சிலிண்டர் கைவசம் இருக்கிறது. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆபத்து என்பதால் அம்மா பூஜை விளக்கை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். ஒன்பதாவது மாதம் சோம்பல்பட்டு விட்டதில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஆக்சிமீட்டர் சொல்லாத விஷயமும் உண்டு. நான்காவது மாதம் எண் 91-லேயே நின்றது, ஆனால் கால் வீங்கியது. மூன்று நாளில் எடை 2 கிலோ கூடிவிட்டது. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று விரல் காட்டாது. பரிசோதித்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. முட்டி வலிக்கென்று மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போட்ட மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். அதை நிறுத்தி, நீர் பிரிய மருந்து கொடுத்த பிறகு மெல்ல இறங்கியது. இப்போது தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். எடை பார்க்கும் மெஷின் விலை கொஞ்சம்தான், ஆனால் எனக்கு அதுதான் பெரிய துணை.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்கான அந்த மூன்று பந்து ஊதல் கருவி. உண்மையில் ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு நெஞ்சு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இழுப்பார். முதல் வாரம் ஒரு பந்துகூட அசையவில்லை. இப்போது இரண்டு பந்து மேலே போய் நிற்கிறது, மூன்றாவது துள்ளுகிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வாடகைக்கு எடுங்கள். அப்பாவுக்கு இரவு 1 லிட்டர் இன்னும் தொடர்கிறது. அடுத்த மாதம் மெஷின் இல்லாமல் ஓர் இரவு முழுக்க அளவு பார்த்துவிட்டு, தேவையா என்று டாக்டர் சொல்வார்.